சாமி பெயரில் இருக்கிற ஊர்

இங்கிலாந்தில் டெவன் கடலோரத்தில் க்ளவெல்லி என்று ஒரு சின்ன கிராமம். வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்கப் போனால் டிக்கெட் எடுக்க வேண்டும். காரணம், கிட்டத்தட்ட ஊர் மொத்தமும் ஒரு குடும்பத்தின் எஸ்டேட். 1738-ல் சக்கரி ஹாம்லின் என்ற பணக்கார வக்கீல் வாங்கியது. குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். இந்தக் காலத்திலும் ஜமீனா என்று நமக்கு எரிச்சல் வரும். ஆனால் அங்கே ஓடு ஒழுகினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

இங்கே?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அதே 1738 வேறு விதத்தில் முக்கியமான வருஷம். திருவரங்குளம் காட்டில் விஜயரகுநாத தொண்டைமான் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்ததாகவும், மௌனத்தில் இருந்த அவர் மணலில் உபதேசம் எழுதிக் காட்டியதாகவும் சொல்வார்கள். திருக்கோகர்ணம் பிரகதாம்பாள்தான் ராஜ்யத்துக்குச் சொந்தக்காரி, மன்னர் அவளுடைய ஊழியர். 'பிரகதாம்பாள் தாஸ்' என்பது மன்னர்களின் பட்டம். அம்மன் காசிலும் அவள் உருவம்தான். க்ளவெல்லிக்கு ஒரு வக்கீல் என்றால் நமக்கு ஒரு சமஸ்தானத்துக்கே அம்மன்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பி.காம். படித்தவன். சொத்து யார் பெயரில் என்பதோடு நிறுத்த மாட்டேன், அனுபவிக்கிறவர் யார் என்றும் கேட்பேன். சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் இனாம் என்கிறது நிக்கோலஸ் டர்க்ஸ் இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி 1987-ல் எழுதிய புத்தகம். கோயிலுக்கு, பிராமணருக்கு, படைவீரருக்கு, அரண்மனை வேலைக்காரருக்கு. கொடுத்தவர் ராஜாதான், அம்மன் இல்லை. 1888-ல் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் இனாம் செட்டில்மென்ட் நடந்தது. ஊழியத்துக்காகக் கொடுத்த நிலம் காகிதத்தில் சொத்தாக மாறியது. உழுதவன் பெயர் அந்தக் காகிதத்தில் பல இடங்களில் ஏறவே இல்லை. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது, பிறகு இனாம் ஒழிப்புச் சட்டங்களும் வந்தன. 'சாமி சொத்து' என்ற வார்த்தைக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

தமிழ்நாடு முழுக்க அறநிலையத்துறையின் கீழ் 4.78 லட்சம் ஏக்கர் கோயில் நிலம். சட்டத்தின் கண்ணில் சாமி ஒரு மைனர், என்றைக்கும் மேஜர் ஆகாத மைனர். மைனர் சொத்துக்கு கார்டியன் கணக்குக் காட்ட வேண்டாமா? பல கோயில் ஊர்களில் வீடு குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. தாத்தா கட்டிய வீட்டை அடமானம் வைக்கப் போனால் "இது கோயில் நிலம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதே கோயில் நிலத்தில் செல்வாக்குள்ளவர் காம்ப்ளெக்ஸ் கட்டி அடிமாட்டு வாடகை கொடுத்தால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. கோயில் நிலத்தை எடுத்து எல்லாருக்கும் பங்கு போடு என்று நான் சொல்லவில்லை. கோயில்களை அரசிடமிருந்து பிடுங்கி வேறு யாரிடமோ கொடு என்றும் சொல்லவில்லை. அவர்கள் மட்டும் வாடகைப் பட்டியலைச் சுவரில் ஒட்டப் போகிறார்களா என்ன?

2021-ல் சுமார் 3.43 லட்சம் ஏக்கருக்கான ஆவணங்களை இணையத்தில் ஏற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் சர்வே எண் பாதிக் கணக்குதான். அந்த இடம் யார் கையில், மாசம் எவ்வளவு, எத்தனை வருஷ பாக்கி என்பது மீதிப் பாதி.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். யார் எந்த நிலத்தைக் கொடுத்தார்கள், எல்லை எதுவரை, அதில் என்ன செய்ய வேண்டும் என்று கோயில் சுவரிலேயே கல்லில் வெட்டி வைத்த நாடு இது. அந்த வேலையை அன்று உளி செய்தது. இன்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

பிரகதாம்பாளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அரைக்காசு அம்மன். தொலைந்த பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். அவள் சன்னதிக்குப் போகிற வழியிலேயே ஒரு பலகை வையுங்கள்: சர்வே எண், குத்தகைதாரர் பெயர், வாடகை, பாக்கி. ஒவ்வொரு சித்திரையிலும் புதுசாக எழுதுங்கள். பெயிண்ட் செலவை வேண்டுமானால் உண்டியலில் எடுத்துக்கொள்ளலாம்.