குகேஷ் ஜெயிச்சாரு, சரி. அந்த வீட்டுல சம்பளம் வாங்கினது யாரு?



2024 டிசம்பர் 12. சிங்கப்பூர்ல 14-வது ஆட்டத்துல டிங் லிரனைத் தோற்கடிச்சு, 18 வயசுல குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். பரிசுல அவர் பங்கு சுமார் 13.5 லட்சம் டாலர். நம்ம பணத்துல 11 கோடிக்கு மேல.

பின்னாடி ஒரு டீமே வேலை பார்த்தது. ஆட்டத் தயாரிப்புக்கு போலந்து கிராண்ட்மாஸ்டர் கஜெவ்ஸ்கி, மனசைத் தயார் பண்ண பேடி அப்டன் (2011-ல தோனி டீமோட இருந்தவர்). இவங்களைப் பத்தி நிறைய பேசியாச்சு. என்னைக் கேட்டா, அந்த டீமோட முதல் ஆள் அம்மா பத்மாதான்.

அப்பா ரஜினிகாந்த் இஎன்டி சர்ஜன். பையனோட ஊர் ஊரா போட்டிக்குப் போறதுக்காக 2017 வாக்குல பிராக்டீஸை நிறுத்தினார். அதுக்கப்புறம் வீடு ஓடினது மைக்ரோபயாலஜிஸ்டான அம்மாவோட சம்பளத்துல. அதுவும் பத்தாம நண்பர்கள் ஸ்பான்சர் பண்ண வேண்டி வந்ததுன்னு குகேஷே பின்னாடி சொல்லியிருக்கார். ரெண்டு டாக்டர் படிப்பு இருந்த வீட்டுக்கே இந்த நிலைமை!

'வேலையை விடு, கனவைத் துரத்து'ன்னு ரீல்ஸ் போடுறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. அப்பா வேலையை விட முடிஞ்சதே, அம்மா விடாததாலதான்.

இப்ப உங்க கதைக்கு வருவோம். ஒரகடத்துலயோ இருங்காட்டுக்கோட்டையிலயோ ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர், உங்க வீட்டோட பத்மா. தம்பி கபடி ஆடுறான், இல்ல குரூப் 2-க்குப் படிக்கிறான். சம்பளம் ஏறினதும் முதல் ஜிபே அவனுக்குத்தான். நல்ல விஷயம். ஆனா அந்தச் சம்பளம் ஒரு மாசம் நின்னா?

பிஎஃப் இருந்தா இடிஎல்ஐ இன்சூரன்ஸ் தானா வரும். உச்சபட்சமே 7 லட்சம்தான். நாமினி பேரை ஆன்லைன்ல ஏத்தியிருக்கீங்களான்னு இன்னைக்கே பாருங்க. இஎஸ்ஐ-ல உடம்பு சரியில்லாத நாளுக்கு 70% சம்பளம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். கம்பெனி குரூப் பாலிசியோ, வேலையை விட்டா கூட வராது. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும்னு நான் சொல்லவே வேண்டாம்.

அதனால உங்க பேர்ல தனியா ஒரு டெர்ம் பாலிசி, வருஷ வருமானத்தைப் போல 10-15 மடங்குக்கு. 2025 செப்டம்பர் 22-லிருந்து இதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. தம்பி பேர்ல எண்டோமென்ட் போடச் சொல்லி ஏஜென்ட் அண்ணன் வந்தா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. அவன் வருமானத்தை நம்பி யாரும் இல்லையே!

எமர்ஜென்சி ஃபண்ட் கணக்குலயும் ஒரு ஓட்டை இருக்கு. ரூம் வாடகை, மெஸ், பெட்ரோல்னு 12,000-ஐ ஆறால பெருக்கிடறீங்க. ஊருக்கு அனுப்புற 8,000 எங்கே? வேலை போனாலும் தம்பிக்கு ஃபீஸ் கட்டியாகணும். 72,000 இல்ல, 1,20,000.

தம்பிக்காக பர்சனல் லோன் எடுக்கிறது மட்டும் வேண்டாம். அதுக்குப் பதிலா அவன்கிட்ட உட்கார்ந்து மாசம் எவ்வளவு, எத்தனை வருஷம்னு பேசி முடிவு பண்ணுங்க. பேச சங்கடமாத்தான் இருக்கும். அம்மாவையும் பக்கத்துல வச்சுக்கோங்க.