குளிர்பதனப் பெட்டிக்குள் தேங்கும் நீர்

வீடு திரும்பும் நோயாளியிடம் இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்குமாறு கூறி அனுப்புகிறோம். அந்தப் பெட்டி எந்நிலையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. மருந்துச் சீட்டை விளக்கும்போதே அதையும் கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து.

காய்கறித் தட்டின் அடியில் தேங்கும் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் உட்புறப் பின்சுவரின் அடியிலுள்ள சிறு வடிகால் துளையே. ஒரு கொத்தமல்லித் தழை அடைத்துக்கொண்டால் போதும், உருகிய நீர் உள்ளேயே வழியும். மின்னிணைப்பைத் துண்டித்து, ஊசியில்லாத புதிய சிரிஞ்சினால் வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்தினால் அடைப்பு பெரும்பாலும் விலகும். ஆறாத குழம்பை மூடாமல் வைத்தாலும், கதவின் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருந்தாலும் ஈரம் சேரும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடிப் பாருங்கள். இழுத்தவுடன் தடையின்றி வந்தால் பட்டையைக் கவனிக்க வேண்டும்.

ஈரத்தில் ஊறிய மருந்து அட்டையில் காலாவதி நாள் அழிந்துபோகலாம். அதனினும் கவலைக்குரியது லிஸ்டீரியா. குளிரிலும் பெருகும் இக்கிருமி கருவுற்ற பெண்களையும், முதியோரையும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்தோரையும் கடுமையாகத் தாக்கக்கூடியது. அத்தகையோர் உள்ள வீட்டில் தேங்கிய நீரை அன்றன்றே அகற்றுவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி தேவை. அதனை இறுக மூடும் டப்பாவில் இட்டு, பின்சுவரை ஒட்டாமல் நடுத்தட்டில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படுத்தலாகாது.