சம்பள வாரமும் திறக்காத கணினியும்

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் தொழிலாளியின் கைக்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். இபிஎஃப், சொக்சோ சந்தாவுக்கு மறுமாதம் 15ஆம் தேதி கெடு. நெகிரி செம்பிலான் தோட்ட ஆபீஸ்களில் மாதத்தின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குலைக் கணக்கு, ஆள் கணக்கு, ஓவர்டைம், முன்பணப் பிடித்தம் எல்லாம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, 'உங்கள் டொமைன் கிடைக்கவில்லை' என்று கணினி நின்றுவிட்டால், வெயிலில் குலை வெட்டியவரின் சம்பளமும் அதோடு நிற்கிறது.

லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்ட ஆபீஸ்களுக்குக் கணினி பார்க்கப் போகிறவன் நான். கோளாறு ஒயரில் இருக்கும், கடிகாரத்தில் இருக்கும், தலைமையகத்துச் சர்வரில் இருக்கும். பழி மட்டும் ஆபீஸ் எழுத்தரான கிராணியின் தலையில் விழும். "பாஸ்வர்ட்டைத் தப்பா அடிச்சிருப்பீங்க, இன்னொரு தடவை பாருங்க" என்று தலைமையகத்திலிருந்து போனில் சொல்லிவிடுகிறார்கள். அவரும் பதறிப்போய் மறுபடி மறுபடி அடிக்கிறார். பதற்றத்தில் எழுத்து மாறுகிறது. பல நிறுவனங்களில் சில தடவை தவறினாலே கணக்கு பூட்டிக்கொள்ளும். இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

டொமைன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் யார் நுழையலாம், எந்தெந்தக் கணினி நம்முடையது என்ற பதிவேடு ஒவ்வொரு மேசையிலும் இராமல், கோலாலம்பூரிலோ வேறெங்கோ உள்ள ஒரு சர்வரில் இருக்கும். பெயரும் பாஸ்வர்ட்டும் அடித்ததும் தோட்டத்துக் கணினி அந்தச் சர்வரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். போகும் வழியில் எது அறுந்தாலும் கதவு திறக்காது. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் பெரும்பகுதியைத் தோட்டத்துக் கிராணியே செய்ய முடியும்.

முதலில் யாருக்குத் திறக்கவில்லை என்று பாருங்கள். லீவு போட்டவருக்குப் பதிலாக வேறு டிவிஷனிலிருந்து வந்த பையன் ஒருவன் என்னைக் கேட்டான்: "அண்ணே, பெரிய கிராணி பேருக்குத் திறக்குது, எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்குது?" அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. விண்டோஸ், ஏற்கெனவே அந்தக் கணினியில் நுழைந்தவர்களில் பத்துப் பேர் வரை நினைவில் வைத்துக்கொள்ளும்; அதன் இயல்பான அமைப்பு அப்படி. சர்வர் எட்டாத நாளிலும் அவர்களை உள்ளே விடும். புதிதாக வந்தவரை விடாது. ஆகவே பழையவர் நுழைந்து, புதியவர் நுழைய முடியவில்லை என்றால், முதல் சந்தேகம் சர்வருக்குப் போகும் வழியின் மேல்தான் விழ வேண்டும். அந்தப் பையனின் பாஸ்வர்ட் சரியாகவே இருந்தது.

வழி எங்கே அறுகிறது? நம் ஊரில் முதல் குற்றவாளி இடி மின்னல். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் மலேசியாவும் ஒன்று. பிற்பகல் மழையோடு இறங்கும் மின்னல், தொலைபேசிக் கம்பி வழியாகவோ மின்கம்பி வழியாகவோ வந்து ரௌட்டரையும் சுவிட்சையும் பதம் பார்த்துவிடும். சில நேரம் சுவிட்ச் முழுவதும் சாகாது. ஒரு துளை மட்டும் செத்திருக்கும், மற்ற விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும். கேபிளைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகிப் பாருங்கள். கணினியின் நெட்வொர்க் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் சாதனத்திடமிருந்து பதில் வராமல் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள்.

அடுத்தது, ரௌட்டரை மாற்றிய மறுநாள் வரும் தொல்லை. இன்டர்நெட் நன்றாக ஓடும், டொமைன் மட்டும் கிடைக்காது. புதிய ரௌட்டர், பெயர் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வேலைக்கு வெளியுலகத்துச் சர்வரைக் காட்டியிருக்கும். நிறுவனத்தின் டொமைன் சர்வர் எங்கே என்பது நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். வெளியே கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் பதில் வரும். பழைய டிஎன்எஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அப்போதே தீர்ந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. 1980களில் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான கெர்பரோஸ் என்ற முறைதான் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து டொமைனில் ஆளை அடையாளம் பார்க்கிறது. பழைய அனுமதியைத் திருடி மறுபடி பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக அது நேரத்தையும் சரிபார்க்கும். கணினிக்கும் சர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுக்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

கணினிக்குள் சிஆர்2032 என்ற, காசு வடிவப் பேட்டரி ஒன்று உண்டு. கடையில் சில ரிங்கிட்தான். அது செத்துவிட்டால், இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸில் கணினி காலையில் பல வருடம் பின்னால் போய் எழுந்திருக்கும். சர்வரிடமிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்றால், தலைமையகத்துக்குப் போகும் விபிஎன் என்ற பாதுகாப்பு வழியின் சான்றிதழ் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று தோன்றி அந்த வழியும் அடைபட்டுப்போகும். பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்தால் போதும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆபீஸில் திரையில் நேரம் மிகச் சரியாக இருந்தது, ஆனால் டொமைன் விடவில்லை. நேர மண்டலத்தைப் பார்த்தால் ஜகார்த்தா! நடந்தது இதுதான்: கணினி எப்போதோ ஒரு மணி நேரம் முந்தி ஓடியிருக்கிறது. நேரத்தை மாற்றும் உரிமை சாதாரணப் பயனருக்கு இல்லை. மண்டலத்தை மாற்றும் உரிமை உண்டு. யாரோ ஜகார்த்தாவைத் தேர்ந்தெடுக்க, திரையில் நேரம் சரியானது. உள்ளே கணினி வைத்திருக்கும் உலகப் பொது நேரமோ ஒரு மணி நேரம் தவறாகவே நின்றது. சர்வர் பார்ப்பது அந்த உள்நேரத்தை. மண்டலத்தைக் கோலாலம்பூருக்குத் திருப்பி நேரத்தைத் திருத்தியதும் கதவு திறந்தது.

கடைசியாக, 'நம்பகத் தொடர்பு முறிந்தது' என்று வரும் செய்தி. மனிதருக்கு இருப்பதுபோல் கணினிக்கும் டொமைனில் ஒரு பாஸ்வர்ட் உண்டு. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றிக்கொள்ளும். நெடுநாள் அணைத்து வைத்ததால் முறிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, மாற்றத்தைத் தொடங்குவது கணினிதான் என்பதால் அணைந்திருக்கும்போது எதுவும் மாறாது. கணினியைப் பழைய நிலைக்கு ரிஸ்டோர் செய்தாலோ, ஒரே பெயரில் இன்னொரு கணினியைச் சேர்த்தாலோ, தலைமையகத்தில் அதன் பதிவை அழித்துவிட்டாலோ முறியும். சரிசெய்ய டொமைன் அதிகாரி வேண்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: கணினியின் சொந்த அட்மின் பாஸ்வர்ட் கையில் இல்லாமல் அதை டொமைனிலிருந்து விலக்காதீர்கள். பிறகு யாராலும் உள்ளே போக முடியாமல் போகலாம்.

இதெல்லாம் சின்ன ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது உலகெங்கும் இருந்த அதன் டொமைன் சர்வர்கள், சுமார் 150, அழிந்தன. தப்பியது கானாவில் இருந்த ஒன்றே ஒன்று. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்தது! அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்த்தான் நிறுவனத்தை மீட்டார்கள். கோடிகள் புரளும் நிறுவனத்தையும் தூரத்தில் இருந்த ஓர் ஆபீஸ்தான் காப்பாற்றியது. தோட்ட ஆபீஸைக் கடைசியாகக் கவனிக்கும் தலைமையகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிராணிகள் தடித்த செக்ரோல் புத்தகத்தைத் தாங்களே எழுதி, தாங்களே கூட்டி, பிழையையும் தாங்களே கண்டுபிடித்தார்கள். இன்றைய கிராணிக்கும் அந்த அறிவு குறையவில்லை. அவர் கைக்கு எட்டாத இடத்தில் சாவியை வைத்துவிட்டு, கதவு திறக்கவில்லை என்று அவரையே கேட்பது நியாயமல்ல.

நிர்வாகங்களை மூன்று காரியம் கேட்கிறேன். கிராணிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு கணினியின் அட்மின் பாஸ்வர்ட்டையும் உறையிலிட்டு, ஒட்டி, தோட்ட நிர்வாகியின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெரிய தோட்டங்களில், படிக்க மட்டும் முடிகிற டொமைன் சர்வர் ஒன்றை வையுங்கள். இத்தகைய கிளை ஆபீஸ்களுக்காகவே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2008இல் அதைக் கொண்டுவந்தது.

தோட்ட ஆபீஸ்களில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் பெயர், டொமைன் பெயர், டிஎன்எஸ் எண், தலைமையகத்து உதவி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். கோளாறு வந்தால் திரையில் தோன்றும் செய்தியை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள் அல்லது போனில் படம் எடுங்கள். 'பாஸ்வர்ட் தப்பு' என்று யாராவது சொன்னால், கேபிள், முகவரி, நேரம் மூன்றையும் பார்த்துவிட்டதாகத் தைரியமாகச் சொல்லுங்கள். அதன்பிறகு பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.