மதிப்பீட்டு அறிக்கையில் இடம்பெறாத கடன்

ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள் தம் அரையாண்டுக் கணக்கை வெளியிடும்போதெல்லாம் சிறு முதலீட்டாளர்களிடையே ஒரே விவாதம் மீண்டும் தலைதூக்குகிறது. அறக்கட்டளைக்குச் சொந்தமான கட்டடங்களைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிடுகிறார். அதிலிருந்து கடனைக் கழித்து, யூனிட் ஒன்றின் நிகர சொத்து மதிப்பு இவ்வளவு என்று அறிவிக்கப்படுகிறது. பங்குச் சந்தையோ அதே யூனிட்டுக்கு வேறொரு விலை கூறுகிறது; பெரும்பாலும் அது குறைந்த விலை. நூறு ரூபாய்ச் சொத்து எண்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடலாம் என்கின்றனர் ஒரு சாரார். மதிப்பீட்டாளரின் கணக்கே ஊதிப் பெருத்தது, சந்தை சொல்வதுதான் உண்மை என்கின்றனர் மற்றொரு சாரார். ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் இவ்விரு சாராருக்கும் இடையில் திகைத்து நிற்கின்றனர்.

இவ்விவாதத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை. வைப்புத்தொகை வட்டி விலைவாசி உயர்வுக்கு ஈடுகொடுக்காத காலத்தில், நடுத்தர உழைப்பாளர் தம் சேமிப்புக்கு ஒரு புகலிடம் தேடுவது இயல்பே. ஆனால் மதிப்பு எவ்வளவு என்று வாதிடும் இரு தரப்பும், அம்மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்புவதில்லை.

இத்தகைய அறக்கட்டளைகளுக்கான விதிகளைப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2014இல் வகுத்தது. சொத்தில் குறைந்தது 80 விழுக்காடு கட்டி முடிக்கப்பட்டு வருமானம் ஈட்டுவதாக இருக்க வேண்டும். பகிர்ந்தளிக்கத்தக்க ரொக்கத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் யூனிட் வைத்திருப்போருக்கு வழங்கப்பட வேண்டும். நாட்டின் முதல் அறக்கட்டளையான எம்பசி, அமெரிக்க நிதி நிறுவனமான பிளாக்ஸ்டோனின் பங்கேற்புடன், யூனிட் ஒன்று 300 ரூபாய் என்ற விலையில் 4,750 கோடி ரூபாய் திரட்டி 2019 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் இத்தகைய வெளியீடுகளில் குறைந்தது 2 லட்சம் ரூபாய் போட்டாக வேண்டும் என்றிருந்த வரம்பு, 2021இல் 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம் ரூபாய் வரை என்று தளர்த்தப்பட்டது. சிறு சேமிப்பாளருக்குக் கதவு அகலத் திறந்தது. 2023 டிசம்பரிலோ, பிளாக்ஸ்டோன் தன் கைவசமிருந்த யூனிட்டுகள் அனைத்தையும் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு வெளியேறியது. அப்போது சந்தை விலை, நான்கரை ஆண்டுகளுக்கு முந்தைய வெளியீட்டு விலையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பெருமூலதனம் வந்த வேலை முடிந்து போய்விட்டது. விலை மலிவா மிகையா என்ற விவாதம் மட்டும் சிறு முதலீட்டாளரிடம் எஞ்சியது.

நிலத்தின் விலை என்பது எதிர்கால வாடகையை இன்றைய தொகையாக மாற்றிய கணக்கேயன்றி வேறில்லை என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் விளக்கினார். இன்றைய மதிப்பீட்டாளரும் அதையேதான் செய்கிறார். இனிவரும் ஆண்டுகளில் வரக்கூடிய வாடகையை எழுதி, ஒரு வட்டி விகிதத்தால் அதைக் குறைத்து, இன்றைய மதிப்பைக் காண்கிறார். வட்டி ஏறினால் மதிப்பு இறங்கும். வட்டி இறங்கினால் மதிப்பு ஏறும். கட்டடத்தில் ஒரு செங்கல்லும் கூடியிராது, குறைந்திராது. தரமணியிலுள்ள பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்காவின் வாடகை, சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அறக்கட்டளையின் வருவாயாகிறது. அங்கே இரவுப் பணி செய்யும் இளைஞருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அந்த யூனிட்டின் ஏற்ற இறக்கத்தோடு எந்த உறவும் இல்லை. அந்த வாடகையை ஈட்டித் தருவது மட்டும் அவர்களது உழைப்பு.

இதே ஏற்பாடு பொதுச் சொத்துக்கும் நீண்டுவிட்டது. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த தேசியப் பணமாக்கல் திட்டம் நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவதை இலக்காக வைத்தது; அதில் சாலைகளின் பங்கு 1.6 லட்சம் கோடி. அவ்வாண்டின் இறுதியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தானே ஒரு முதலீட்டு அறக்கட்டளையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனடாவின் இரண்டு ஓய்வூதிய நிதியங்கள் அதில் ஆளுக்கு 25 விழுக்காடு வாங்கின. சுங்கக் கட்டணம் ஆண்டுக்கு 3 விழுக்காடும், அதற்குமேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் சேர்ந்து தானாக ஏறும் என்று விதி உறுதியளிக்கிறது. இத்தகைய உறுதி எந்த விவசாயியின் விளைபொருளுக்கும் இந்நாட்டில் இல்லை. தொழிலாளர் வருங்கால வைப்புநிதியையும் பொதுத்துறை சார்ந்த இத்தகைய அறக்கட்டளைகளில் போடுவதற்கு 2021 நவம்பரில் வழி திறக்கப்பட்டது. ஆகவே யூனிட் என்ற சொல்லையே கேட்டிராத தொழிலாளியின் சேமிப்பும் இச்சந்தையைச் சென்றடையலாம். அவர் செலுத்தும் பேருந்துக் கட்டணமும், காய்கறி விலையில் கலந்திருக்கும் சுங்கமும் ஏறினால்தான் அவரது வைப்புநிதி வளரும் என்ற முரணை இந்த ஏற்பாடு உருவாக்குகிறது.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் காண, கொச்சியின் காயலிலுள்ள வல்லார்பாடத்தைக் காட்டிலும் தெளிவான இடம் அரிது. வல்லார்பாடத்தம்மையின் பேராலயத்துக்குச் சாதி மத வேறுபாடின்றி மக்கள் திரளும் சிறு தீவு அது. அங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு 2005 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2011 பிப்ரவரி 11 அன்று அவரே அதனைத் தொடங்கிவைத்தார். துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்துக்கு 30 ஆண்டு உரிமம். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு துறைமுகத்துக்கு. முதற்கட்டத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பெட்டகங்களைக் கையாளும் திறன். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் இந்தியச் சரக்கெல்லாம் இனி இங்கேயே கப்பல் மாறும் என்று கூறப்பட்டது.

கூறப்பட்டது நடக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் முனையம் தன் திறனில் பாதியைக்கூட எட்டவில்லை. அந்நியக் கொடிக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்வதற்கான தடை, வல்லார்பாடத்துக்காக 2012இல் தளர்த்தப்பட்டது. 17 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையும், வேம்பநாட்டுக் காயலின் மீது 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாலமும் பொதுப்பணத்தில் எழுந்தன. பெருங்கப்பல்கள் வருவதற்காகக் கால்வாயை 14.5 மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கத் தூர்வாரும் பொறுப்பும், அதற்கு ஆண்டுதோறும் நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவும் துறைமுகத்தின் தலையில். கடனில் மூழ்கிய கொச்சித் துறைமுகத்துக்கு 2016இல் ஒன்றிய அரசு ஏறத்தாழ 897 கோடி ரூபாய்த் தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கப்பல் மாற்றும் கனவோ இப்போது தெற்கே விழிஞ்ஞத்துக்கு, அதானி துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இடர் முழுவதும் பொதுமக்களுடையது, உரிமம் தனியாருடையது.

வல்லார்பாடம் தொடங்கிவைக்கப்பட்ட மறு மாதமே, 2011 மார்ச்சில், ஹாங்காங் மற்றும் தென்சீனத் துறைமுக முனையங்களை உள்ளடக்கிய ஹட்சிசன் துறைமுக அறக்கட்டளை சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்தது. தென்கிழக்காசியா அதுவரை கண்டிராத பெரும் வெளியீடு அது. யூனிட் ஒன்று 1.01 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. பின்னர் அது கால் பங்குக்கும் கீழே வீழ்ந்தது. நிகர சொத்து மதிப்பைக் காட்டி, இவ்வளவு மலிவாக எங்கே கிடைக்கும் என்று வாங்கியவர்களும் நட்டப்பட்டனர். கப்பல் எந்தத் துறையை நாடும் என்பதை மதிப்பீட்டாளரின் அட்டவணை தீர்மானிப்பதில்லை. வல்லார்பாடம் முனையம் அவ்வாறு யூனிட்டுகளாகப் பிரித்து விற்கப்படவில்லை. விற்கப்பட்டிருந்தால் அதன் மதிப்பீட்டு அறிக்கையில் பெட்டகங்களின் எண்ணிக்கை இருந்திருக்கும், கட்டணம் இருந்திருக்கும், உரிமத்தின் எஞ்சிய ஆண்டுகள் இருந்திருக்கும். மூலம்பிள்ளி இருந்திருக்காது.

2008 பிப்ரவரி 6 அன்று, கொச்சிக்கு வடக்கே மூலம்பிள்ளித் தீவில், முனையத்துக்கான சாலைக்காகக் காவல்துறையின் துணையோடு வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. சாலைக்கும் ரயில் பாதைக்குமாக மூலம்பிள்ளி, முளவுகாடு, கோதாடு, சேராநல்லூர், ஏலூர் முதலிய ஊர்களில் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மீன்பிடித்தும் கூலிவேலை செய்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1894ஆம் ஆண்டின் காலனிய நிலக் கையகப்படுத்தல் சட்டம்தான் அன்றும் நடைமுறையில் இருந்தது. ஆறு வாரப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 19 அன்று, மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை மாநில அரசு அறிவித்தது. சில சென்ட் வீட்டுமனை, வீடு கட்டும் வரை மாதம் 5,000 ரூபாய் வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பவை அதன் முதன்மை உறுதிமொழிகள்.

ஒதுக்கப்பட்ட மனைகள் பலவும் சதுப்பைத் தூர்த்த நிலங்கள். காக்கநாட்டை அடுத்த துதியூரில் கட்டப்பட்ட வீடுகள் மண்ணில் இறங்கிச் சாய்ந்தன, சுவர்கள் வெடித்தன. கூப்பிடு தொலைவில் இன்போபார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் சதுர அடிக் கணக்கில் வாடகை ஈட்டி நிற்கின்றன. பெரும்பாலான குடும்பங்களால் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ள முடியவில்லை. வாடகைத் தொகை நின்று நின்று வந்தது. வேலை உறுதி காகிதத்திலேயே நின்றது. உறுதிமொழி நிறைவேறுவதைக் காணாமலேயே பலர் இறந்துபோயினர்.

இங்கே இடதுசாரிகள் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத ஓர் உண்மை உள்ளது. அந்த வீடுகள் இடிக்கப்பட்டபோது கேரளத்தில் ஆட்சியிலிருந்தது இடது ஜனநாயக முன்னணி அரசு. மறுவாழ்வுத் திட்டத்தை அறிவித்ததும் அவ்வரசே. பின்வந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசும், மீண்டும் வந்த இடதுசாரி அரசும் அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. ஒன்றிய அரசின் திட்டம், பன்னாட்டு நிறுவனத்தின் உரிமம், நெடுஞ்சாலை ஆணையத்தின் அவசரம் என்பவை யாவும் உண்மையே. ஆயினும் உழைக்கும் மக்களின் பெயரால் ஆட்சிக்கு வந்தோர்க்கு அவை விளக்கமாகலாம், விடையாகா. நிலம் கையகப்படுத்துவதை மற்ற மாநிலங்களில் எதிர்க்கும் இயக்கம், தான் அளித்த வாக்கைக் கடைசிக் குடும்பம் வரை நிறைவேற்றிக் காட்டும்போதுதான் அந்த எதிர்ப்புக்கு வலிமை சேரும்.

முதலீட்டாளர்களின் விவாதம் பேசாது விடுவது இந்தக் கடனைத்தான். அறக்கட்டளையின் மதிப்பீட்டில் வங்கிக் கடன் கழிக்கப்படுகிறது, வரி நிலுவை கழிக்கப்படுகிறது, வழக்குகள் வெளிப்படுத்தப்படுகின்றன. வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு எழுத்தில் அளித்து நிறைவேற்றப்படாத மறுவாழ்வு எந்த நிரலிலும் ஏறுவதில்லை. வீட்டுமனையும் வாடகையும் வேலையும் பணத்தால் கணக்கிடத்தக்கவை. வங்கிக்குத் தர வேண்டியது கடனென்றால், மூலம்பிள்ளிக்குத் தர வேண்டியதும் கடனே. அதைக் கழிக்காமல் காட்டப்படும் நிகர மதிப்பு நிகரமும் அன்று, மதிப்பும் அன்று. மறுவாழ்வுக் கடமை நிலுவையிலுள்ள எந்தச் சாலையும் துறைமுகமும் மனையும் யூனிட்டுகளாக விற்கப்படுவதற்கு முன் அக்கடமை முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். அதுவரை அது பொறுப்புக் கணக்கில் பதியப்பட வேண்டும் என்று செபி விதி வகுக்க வேண்டும். இது புரட்சிகரக் கோரிக்கையன்று, எளிய கணக்கு நேர்மை. இதனால் சிறு முதலீட்டாளருக்கும் நன்மையே. மறைக்கப்பட்ட கடன் என்றேனும் ஒருநாள் வழக்காகவோ போராட்டமாகவோ வெளிவரும்போது, முதலில் அடிபடுவது அவர் வைத்திருக்கும் யூனிட்டே.

அதற்கும் அப்பால் அடிப்படைக் கோரிக்கைகள் உள்ளன. பொதுப்பணத்தில் அமைந்த சாலைகளையும் துறைமுகங்களையும் பணமாக்கும் கொள்கை கைவிடப்பட வேண்டும். தொழிலாளர் வைப்புநிதியைச் சந்தையின் ஊசலாட்டத்துக்கு உட்படுத்தக் கூடாது. நடுத்தர மக்களின் சேமிப்பு இத்தகைய சந்தைகளைத் தேடி ஓடாதிருக்க, உறுதியான ஓய்வூதியமும் விலைவாசிக்கு ஈடான சிறுசேமிப்பு வட்டியும் வேண்டும். மூலம்பிள்ளியின் 316 குடும்பங்களுக்குக் கட்டத்தக்க நிலமும் வாக்களித்த வேலையும் இனியும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்.

வல்லார்பாடத்திலிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே ஒருகாலத்தில் சாப்பா முறை நிலவியது. கப்பலில் சரக்கேற்றும் வேலை வேண்டித் திரண்ட தொழிலாளரின் கூட்டத்தின் நடுவே கங்காணிகள் உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். அடித்துப் பிடித்து ஒரு வில்லையைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை. அந்த இழிமுறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர்கள் உயிர்த்தியாகம் செய்தனர். வில்லைக்காக ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும்வரை தொழிலாளர் பிளவுண்டு கிடந்தனர். வில்லையை வீசும் கையை எதிர்த்து ஒன்றுபட்டபோதே சாப்பா முறை வீழ்ந்தது. யூனிட்டின் விலையைப் பற்றி வாதிடும் சிறு சேமிப்பாளருக்கும், சுங்கம் செலுத்தும் ஓட்டுநருக்கும், மனைக்காகக் காத்திருக்கும் மூலம்பிள்ளித் தாய்க்கும் அந்த வரலாறு பொதுவானது.