ஒத்துவராத ரீடிங்கை என்ன செய்யலாம்?

"ஏடிபின்னா என்ன?" என்று யாரைக் கேட்டாலும் ஸ்கூலில் மனப்பாடம் செய்த பதில்தான் வரும்: செல்லின் எனர்ஜி கரன்சி. தப்பில்லை. ஆனா அது பாதிக் கதைதான். மீதிப் பாதி எப்படி வெளியே வந்தது என்பது, வாரா வாரம் லேப் ரெக்கார்டு எழுதும் நம்ம எல்லோருக்கும் தேவையான கதை.

1960-களின் தொடக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் குழுவினர் கினிப் பன்றியின் குடல் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த மாதிரி உள்ளுறுப்புகளுக்கு நரம்பு செய்தி அனுப்புவது அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் என்ற இரண்டே ரசாயனங்கள் மூலம்தான் என்பது அன்றைய பாடம். இரண்டையும் மருந்து போட்டுத் தடுத்துவிட்டு நரம்பைத் தூண்டினார்கள். பாடப்படி எதுவும் நடக்கக்கூடாது. ஆனா தசை தளர்ந்தது!

பர்ன்ஸ்டாக் அந்த ரீடிங்கை ஒதுக்கிவிடவில்லை. பல வருடம் துரத்தினார். அந்த மூன்றாவது ஆள் ஏடிபிதான் என்று 1972-ல் விரிவாக எழுதினார். பலர் நம்பவில்லை. எல்லா செல்லிலும் எரிபொருளாக இருக்கும் ஒன்று எப்படித் தூது போகும் என்று கேட்டார்கள். ஏடிபியை உணரும் ரிசப்டர்களின் ஜீன்களை 1993, 1994-ல் பிரித்தெடுத்த பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்க வேண்டியதில்லை. ஒரே ஈதர்நெட் கேபிளில் பவரும் டேட்டாவும் போவதைப் பார்த்தவர்கள்தானே நாம்! செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில் இருக்கிறது. வெளியே நானோமோலார் அளவுதான். வெளியே நாய்ஸ் இவ்வளவு கம்மி என்பதால், ஒரு செல் உடைந்து ஏடிபி கொட்டினால் பக்கத்து செல்களுக்கு அது பளிச்சென்று தெரியும் ஆபத்து சிக்னல்.

அந்த சிக்னலைப் பிடிக்க மனித உடலில் பல ரிசப்டர்கள் இருக்கின்றன. பி2எக்ஸ்7 ரிசப்டர், ஏடிபி அதிக அளவில் கொட்டும்போதுதான் விழிக்கும். விழித்தால் நோய் எதிர்ப்பு செல்கள் வீக்கத்தைத் தூண்டும். ரத்தத் தட்டுகளில் இருக்கும் பி2ஒய்12, ஏடிபியின் தம்பியான ஏடிபியை, அதாவது ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டை, உணர்ந்து ரத்தம் உறைய உதவும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் தடுப்பது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1997-ல். அது பூட்டும் ரிசப்டரின் ஜீன் அடையாளம் காணப்பட்டது 2001-ல். நாள்பட்ட இருமலுக்கு பி2எக்ஸ்3-ஐத் தடுக்கும் கெஃபாபிக்சன்ட் ஜப்பானில் 2022-ல் அனுமதி பெற்றது. அதே ரிசப்டர் சுவை நரம்பிலும் இருப்பதால் பலருக்கு நாக்கில் ருசி மாறிவிடுகிறது.

பாஸ்பேட் எல்லாம் கழன்றபின் மிஞ்சும் அடினோசினுக்கும் தனி ரிசப்டர்கள் உண்டு. மூளையில் அது தூக்கத்தை வரவழைக்கும். எக்ஸாம் நைட்டில் நாம் குடிக்கும் காபி, அந்த ரிசப்டர்களை அடைத்துக்கொண்டுதான் நம்மை முழிக்க வைக்கிறது.

இத்தனையும் ஒத்துவராத ஒரு ரீடிங்கைத் துரத்தியதால் தெளிவானவை. இப்போ நம்ம லேபுக்கு வருவோம். பத்து ரீடிங்கில் ஒன்று கோட்டை விட்டு விலகினால் என்ன நடக்கிறது? ரப்பர் வேலை செய்யும். இல்லையென்றால் சீனியரின் ரெக்கார்டு கை கொடுக்கும். கிராஃப் அழகாக நேர்கோட்டில் போகும். மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. "அவுட்புட் வரல"ன்னா மார்க் போகும் என்ற பயம்தான் காரணம்.

"விலகின ரீடிங் எல்லாம் கண்டுபிடிப்பா? பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன்தானே" என்பீர்கள். உண்மைதான். ஆனா லூஸ் கனெக்‌ஷன்தான் என்று தேடி உறுதி செய்வதும் இன்ஜினியரிங்தானே? அழித்துவிட்டால் அந்தப் பயிற்சியும் போச்சு.

என் கருத்து இதுதான். ரெக்கார்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் கீழே ஒரு பத்தி ஒதுக்கலாம்: எந்த ரீடிங் ஒத்துவரவில்லை, ஏன் இருக்கலாம், எப்படிச் சோதித்தோம். அதற்கு மார்க்கும் கொடுக்கலாம். ஆசிரியர்கள் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த லேபில் அந்த ஒரு ரீடிங்கை மட்டும் அழிக்காமல் வைத்து, வைவாவில் கேட்டால் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.