பாயிரம் இழந்த விளையாட்டுகள்

விளையாட்டு என்பது விதியால் ஆவது. பல்லாங்குழியாயினும் தாயமாயினும் சடுகுடுவாயினும், ஆடப்புகுவோர் அனைவரும் அதன் விதிகளை முன்னரே அறிந்து உடன்பட்ட பின்னரே ஆட்டம் தொடங்குகின்றது. விதியறியாதான் ஒருவனைக் களத்தில் இறக்கிவிட்டு, அவன் தோற்ற பின்னர், "எங்கள் விதி இது" என்று உரைத்தல் விளையாட்டாகாது; வஞ்சனையேயாகும். நூல் செய்தற்கண்ணும் நம் முன்னோர் இந்நெறியையே கடைப்பிடித்தனர். நூலைச் செய்தவர் யாவர், அஃது எப்பொருளை நுவல்கின்றது, அதனைக் கேட்டற்குரியர் யாவர், கேட்டலால் எய்தும் பயன் யாது என்பனவற்றை நூலின் முகப்பிலேயே கூறிவிடுதல் தமிழ் மரபு. அம்முகப்புரைக்குப் பாயிரம் என்று பெயர். நன்னூலார் பாயிரத்தை நூலுக்கு இன்றியமையாததாகவே கொண்டார்.

இக்காலத்து இளைஞர் தம் பொழுதிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டிருக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும் ஒரு காலத்திற் பாயிரம் இருந்தது. அதுவே பெட்டியினுள் வைத்து விற்கப்பட்ட அச்சுக் கையேடு. அக்கையேடு மறைந்தமையால் நாம் இழந்தது யாது என்பதனையும், அவ்விழப்பை உணர்த்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் ஊர்கள் நமக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அக்கையேடுகள் வெறும் பொத்தான் விளக்கங்கள் அல்ல. 1985-ஆம் ஆண்டில் ஜப்பானிய நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டை நம்முள் அறியாதார் இலர். அதில் மாரியோ என்பான் துள்ளித் துள்ளிச் செங்கற்களை இடித்துச் செல்வான். அச்செங்கற்கள் யாவை? திரையில் அதற்கு விடையில்லை. கையேட்டிலே உண்டு. கொடிய மாயவித்தை வல்ல பகைவன் ஒருவன் அமைதி விரும்பிய அந்நாட்டுக் குடிமக்களைக் கற்களாகவும் செங்கற்களாகவும் செடிகளாகவும் சபித்து மாற்றிவிட்டான் என்றும், அச்சாபத்தைத் தீர்க்கவல்லவள் அரசன் மகள் ஒருத்தியே என்றும், அவளோ அப்பகைவன் கையிற் சிறைப்பட்டிருக்கின்றாள் என்றும் அது கூறுகின்றது. கையேட்டைப் படித்தவனுக்கு அவ்வாட்டம் ஒரு நாட்டை மீட்கும் செயல். படியாதவனுக்கோ செங்கல் உடைக்கும் வேலை. ஒரே ஆட்டம், பாயிரத்தால் இரண்டாயிற்று.

அவ்வாறே 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்னும் விளையாட்டின் டாஸ் கணினிப் பதிப்பில், முதற்கட்டம் கடந்தவுடன், கையேட்டின் இன்ன பக்கத்து இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்து யாது என்று வினவப்படும். அவ்வெழுத்து வரைந்த குப்பியைத் தேர்ந்து பருகினாலன்றி மேற்செல்ல இயலாது. திருட்டுப்படி எடுப்பாரைத் தடுக்கும் பொருட்டு வகுத்த சூழ்ச்சி அது. ஆயினும், நூலை உடையானே ஆட்டத்தை உடையான் என்னும் எண்ணம் அன்று நிலவிற்று என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

இக்கையேடுகள் மறைந்ததற்குக் காரணங்கள் பல. தாளும் அச்சும் பொருட்செலவு உடையன. ஆட்டத்தினுள்ளேயே பயிற்சி கொடுக்கும் முறை வளர்ந்தது. பெட்டியே இன்றி இணையத்தின் வழியாக ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகிற்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சு நாட்டு யூபிசாப்ட் நிறுவனத்தார், சுற்றுச்சூழலைக் காத்தற்பொருட்டு இனித் தாட்கையேடுகளை விடுத்து, ஆட்டத்தினுள் அமைந்த மின் கையேடுகளைத் தருவோம் என்று அறிவித்தனர். பிறரும் அவ்வழியே சென்றனர். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குரிய பெட்டிகளைத் திறப்போர் பெரும்பாலும் காண்பது ஒரு சிறு தகட்டையும் வெற்றிடத்தையுமே.

நிற்க. "இதற்கு இத்துணை வருத்தம் எதற்கு? நீச்சலை நூல் படித்துக் கற்றார் உளரோ? ஆடி ஆடி அறிவதன்றோ ஆட்டம்?" என்று அன்பர் சிலர் வினவுவர். வினாவில் நியாயம் இல்லாமலில்லை. அன்றியும், தமிழ்நாட்டிலே அச்சுக் கையேடு என்றும் ஆட்சி செய்ததில்லை. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்கப்பட்ட போலி விளையாட்டுப் பெட்டிகளும், பல ஆட்டங்களை ஒன்றாக அடக்கிய கேசட்டுகளும், பெரும்பாலும் கையேடின்றியே வந்தன. அண்ணன்மார் தம்பிமார்க்குச் சொல்லிக் கொடுத்தனர். அடுத்த வீட்டார் அறிந்ததை நம் வீட்டார் கேட்டறிந்தனர். கையேடு வாய்த்த சிலருக்கும் அஃது ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ இருந்தது. ஆதலின், மேனாட்டார் இழந்ததற்காக வருந்துகின்றனர். நாமோ பெறாததற்காக வருந்துதல் வேண்டும்.

ஆயின், நூலே இல்லாத இடத்தில் விதி நிலைத்து நில்லாதோ? நிற்கும். அதற்குச் சான்று நமக்கு அண்மையிலேயே உளது.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது. வங்கக் கடலுக்கும் அதற்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. விண்கலங்கள் எழுவது அங்கிருந்தே. 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் இவ்வேரிக்கரையிலேதான். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த பகுதியில் இறால் மிகுதி. அனைவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்டுவராயின் பூசலே விளையும். ஆகவே, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்னும் ஒழுங்கினைப் பேணி வந்துள்ளனர். உரிமையுடையோர் ஊரவர் முன்னிலையிற் சீட்டெடுப்பர். இன்னாருக்கு இன்ன இடம் என்பது அதனால் முடிவாகும். முறை சுழன்று வரும். நல்ல இடம் இன்று ஒருவருக்காயின், நாளை மற்றொருவருக்கு.

இவ்வொழுங்கு அச்சிட்ட நூலொன்றினின்றும் பிறந்ததன்று. ஆயினும் இதற்குப் பாயிரம் உண்டு. முதியோர் நாவே அப்பாயிரம். சீட்டெடுக்கும் முன்னரே விதி யாவர்க்கும் தெரியும். சீட்டு யாவர் கண்முன்னும் எடுக்கப்படும். ஒருவன் வலையை இறக்கிய பின்னர், நள்ளிரவில், அவனறியாமல் விதி மாறுவதில்லை. ஐயம் எழுந்தால் எவரைக் கேட்பது என்பதும் அவனுக்குத் தெரியும். இவற்றால் யாம் அறிவது யாதெனில், கையேட்டின் உயிர் தாளில் இல்லை. விதி ஆடுவோனுக்குப் புறத்தே, பொதுவிலே, ஆட்டத்துக்கு முன்னரே நிற்பதில் இருக்கின்றது. அச்சு அதற்கு ஓர் உடல். முதியோர் நா மற்றோர் உடல்.

இனி, அதே ஏரிக்கரையில், கைபேசியைச் சூழ்ந்து அமர்ந்து சுடுகலன் விளையாட்டு ஆடும் இளைஞரை நோக்குவோம். அவ்விளையாட்டுக்கு அச்சுக் கையேடும் இல்லை. முதியோர் நாவும் இல்லை. விதிகள் எந்நாட்டிலோ உள்ள கணினிகளில் உறைகின்றன. 'புதுப்பிப்பு' என்னும் பெயரால் அவை அடிக்கடி மாறுகின்றன. நேற்று வலிமையுடைய கருவி இன்று வலிமை குன்றும். மாற்றக் குறிப்புகள் வெளியிடப்படுகின்றன என்பது மெய்யே. எனினும் அவை கடைசியாக மாறியதைக் கூறுவனவேயன்றி, முழு விதியையும் கூறுவன அல்ல. தமிழில் அவற்றைக் காண்பதும் அரிது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 'பப்ஜி மொபைல்' விளையாட்டை இந்திய அரசினர் தடைசெய்தனர். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது வேறு பெயரோடு மீண்டும் வந்தது. தடைக்கு முன்னர் கோடிக்கணக்கானோர் ஆடிய அவ்வாட்டத்தின் முழு விதிகள் யாவை என்று பிற்காலத்தான் ஒருவன் வினவினால், எடுத்துக் காட்டுதற்கு எவர் வீட்டுப் பரணிலும் ஒரு சிறு நூலேனும் இல்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. சில விளையாட்டுகளிற் பணம் கொடுத்துத் திறக்கும் மாயப்பெட்டிகள் உள. உள்ளே அரும்பொருள் இருத்தலும் கூடும். ஒன்றுக்கும் உதவாத பொருள் இருத்தலும் கூடும். அதுவும் சீட்டெடுப்பதே. ஆனால், எத்தனை சீட்டில் எத்தனை நற்சீட்டு என்பதை எடுப்பவன் நெடுங்காலம் அறியாதிருந்தான். 2017-ஆம் ஆண்டு முதல் அவ்விகிதங்களை வெளியிடுமாறு சீன அரசினர் விளையாட்டு நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டனர். அதே ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தாரும் தம் அங்காடியில் அவ்விதியைப் புகுத்தினர். அரசும் அங்காடியும் வற்புறுத்திய பின்னரே சொல்லப்படும் விதி, பாடு எடுக்கும் குப்பத்துச் சிறுவனும் இயல்பாக அறிந்திருக்கும் விதியோடு ஒப்பாகுமோ? விதியறியாது இழப்பவனுக்கு இழந்தது பொழுது மட்டுமன்று. வலை கட்டி ஈட்டிய தந்தையின் பொருளும் அதனுள் அடங்கும்.

பாடு முறையிற் குறையே இல்லை என்று யாம் கூறவில்லை. அவ்வுரிமை வட்டத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோர் அவ்வேரிக்கரையில் உளர். கையினால் இறாலைத் தடவிப் பிடித்து உயிர் வாழும் இருளர்க்கு அதிற் பங்கில்லை. பிற்காலத்தில் மீன்பிடித் தொழிலிற் புகுந்த பிற ஊரார்க்கும் அதுபற்றிப் பூசல்கள் நேர்ந்துள்ளன. ஆயினும் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அவ்விதி வெளிப்படையாக இருத்தலினாலன்றோ அதனை எதிர்த்து வழக்குரைக்கவும் முடிகின்றது? "இவ்விதி நீதியன்று" என்று சொல்லுதற்கு, முதலில் அவ்விதி இன்னதென்று தெரிதல் வேண்டும். மறைந்த விதியை எதிர்ப்பார் இலர். அதற்கு அடங்குவாரே உளர். நல்ல விதியைக் காத்தற்கு மட்டுமன்று, தீய விதியைத் திருத்தற்கும் பாயிரம் வேண்டும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மரங்களை வெட்டி மீண்டும் தாட்கையேடுகளைக் குவிக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. தமிழ்நாட்டில் ஒரு விளையாட்டை விற்போர் எவராயினும், அதனைச் செய்தவர் யாவர், எவ்வயதினர்க்கு உரியது, ஆடும் விதி யாது, பணம் கேட்கும் இடங்கள் யாவை, மாயப்பெட்டியின் விகிதம் யாது, சென்ற பதிப்பினின்றும் மாறியவை யாவை என்பனவற்றை ஆட்டத்துக்குப் புறத்தே, தெளிந்த தமிழில், நாள் குறித்து, எவரும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி தருதல் வேண்டும். இது பெருஞ்செலவன்று. நாலு பக்கம் போதும்.

அவர்கள் தரும்வரை நாம் வாளா இருத்தலும் தகாது. நம் கல்லூரியிலே தமிழ் பயில்வோர் உளர். கணினியியல் பயில்வோரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஓராண்டிற்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்து, ஆடி ஆராய்ந்து, அதற்கொரு தமிழ்க் கையேடு எழுதுவராயின், தமிழ் மாணவர்க்கு எளிய உரைநடை பழகும் வாய்ப்பும், கணினி மாணவர்க்குத் தாம் அறிந்ததைப் பிறர்க்கு உணர்த்தும் திறமும் ஒருங்கே கிட்டும். மொழிக்கும் புதுச் சொற்கள் சேரும். அக்கையேடுகளிற் சில படிகளைப் பழவேற்காட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். முதியோர் நாவாற் பாடு முறையைக் கேட்டு வளரும் அச்சிறுவர், தம் கையிலுள்ள கருவியின் விதியையும் தம் மொழியிலேயே கேட்டு வளர்வதற்கு உரிமையுடையவரன்றோ? சீட்டெடுக்கும் முன்னர்ச் சீட்டின் விதி கேட்கும் பழக்கம் அவர்க்கு முன்னமே உண்டு. அப்பழக்கத்தைக் கைபேசியின் முன்னும் அவர் கைவிடாதிருக்கத் துணைசெய்தல் நம் கடமை.