பனித்தூபி புகட்டும் பாடம்

இமயத்திற்கு வடபாலுள்ள லடாக் உயர்நிலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. ஆங்குள்ள உழவர், மலைமுடிகளிலுள்ள பனிக்கட்டியாறுகள் உருகித் தரும் நீரைக்கொண்டே வாற்கோதுமை பயிரிடுகின்றனர். விதைப்புக் காலம் ஏப்பிரல், மே மாதங்கள்; உருகுநீர் பெருகுவதோ யூன் மாதத்தில். கடுங்குளிர்க் காலத்திலோ ஓடைநீர் பயன்கொள்வாரின்றி வழிந்தோடுகின்றது. புவி வெப்பமுற்றுப் பனிக்கட்டியாறுகள் குறுகிவரும் இந்நாளில் இவ்விடர் பெருகியுள்ளது.

இதற்கு மாற்றுக் கண்டவர் சேவாங் நோர்பெல் என்னும் பொறியியலாளர். 1987ஆம் ஆண்டு தொடக்கம் அவர் ஓடைநீரை நிழற்பாங்கான சரிவுகளுக்குத் திருப்பி, கல்லணைகளால் அதன் வேகத்தைத் தணித்து, படைபடையாக உறையச் செய்தார்.

இம்முறை உயர்ந்த, நிழலுள்ள இடங்களுக்கே ஏற்றது. இக்குறையை நீக்க முயன்றவர் சோனம் வாங்சுக். 2013ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அவரும் அவர்தம் கல்விக்கூடத்து மாணாக்கரும் ஏறத்தாழ 6 மீற்றர் உயரமான பனிக்கூம்பு ஒன்றை அமைத்தனர். மேட்டிலிருந்து குழாய்வழி இறங்கும் நீர் தன் அமுக்கத்தாலேயே மேலெழுந்து சிதறி, இரவுக் குளிரில் உறைகின்றது. நீரிறைக்கும் யந்திரம் வேண்டியதில்லை. கூம்பின் கனவளவு பெரிது, வெயில்படும் பரப்புச் சிறிது. ஆதலின் அது மெல்ல உருகும். தூபியை ஒத்த வடிவினதாகலின் பனித்தூபி எனப் பெயர் பெற்றது.

இதனாற் பனிக்கட்டியாறுகளின் அழிவுக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டதென மகிழ்வாருளர். நாம் அவ்வாறு கருதோம். பனித்தூபி புதிதாக நீரைப் படைப்பதன்று. ஒரு பருவத்து நீரை மறு பருவத்திற்குச் சேமித்து வைப்பது. ஓடை வற்றினும் குளிர் குன்றினும் அதுவும் இல்லையாகும். அன்றியும், நள்ளிரவிற் குழாய் உறைந்து அடைபடின் அதனைச் சீர்செய்யும் கைகள் வேண்டும். வெப்பநிலையை அளந்து நீர்வரவைத் தானே அடக்கியாளும் கருவிகள் இன்று இவ்வுழைப்பைக் குறைக்கின்றன. எனினும், மேலூராருக்கு எவ்வளவு, கீழூராருக்கு எவ்வளவு என்று பங்கிடும் நீதியை எக்கருவியும் வழங்காது. அதனை ஊரவர் கூடியே வகுத்தல் வேண்டும்.

எனவே, புவியை வெப்பமுறச் செய்யும் புகையைக் குறைக்கும் கடமையை இப்பனிமேடுகள் நம் தோளினின்று இறக்கிவிடா. ஆயினும், தம் ஊரின் குறையையே பாடமாகக் கொண்டு கற்ற அம்மாணாக்கர் போற்றற்குரியர். எமது கல்லூரி மாணாக்கரும் விஞ்ஞானத்தைப் பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிடாது, ஊரார் துயர் தீர்க்கும் கருவியாகக் கொள்வாராக.